கதவைச் சாத்தவும் திறக்கவும் முடிகிற ஊர்

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "உலகத்தில் சில நகரங்களில் மட்டும் மக்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகப் பட்டியல் போடுகிறார்களே, அது எதனால்? அலுவலகம் போய்த் திரும்பவே எனக்குத் தினமும் மூன்று மணி நேரம் ஆகிறது. காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. குடும்பத்தோடு அங்கே வந்துவிட்டால் மகிழ்ச்சியாக இருப்போமா?"

நான் நகரமைப்புத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது பள்ளத்தூரில். இப்போது இருப்பது காரைக்குடியில். சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் வரைபடம் பார்த்த காலமெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியல்கள் எதை அளக்கின்றன என்று பார்த்துவிடுவோம். 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் வரிசைக்கு அடிப்படை, மக்களிடம் கேட்கும் ஒரே ஒரு கேள்விதான். ஓர் ஏணி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சியில், 10. மிக மோசமான வாழ்க்கை அடியில், 0. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அவ்வளவுதான். 2018 முதல் பின்லாந்து முதலிடத்தில் இருக்கிறது. 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118-ஆம் இடம். 2020-இல் மட்டும் 186 நகரங்களைத் தனியாக வரிசைப்படுத்தினார்கள். ஹெல்சிங்கி, டென்மார்க்கின் ஆர்ஹுஸ், நியூசிலாந்தின் வெலிங்டன் ஆகியவை முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. பின்லாந்துக்காரர்கள் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து "பரவாயில்லை, நன்றாகவே அமைந்திருக்கிறது" என்று அமைதியாகச் சொல்கிறார்கள்.

அந்த 2020 அறிக்கையில் இரண்டு செய்திகள் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். நகரங்களின் வரிசை பெரும்பாலும் அந்தந்த நாட்டின் வரிசையை ஒட்டியே போகிறது. மருத்துவமனை, பள்ளி, நேர்மையான அலுவலகம் போன்றவற்றை ஓர் ஊர் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. நாடும் மாநிலமும் தர வேண்டும். இன்னொன்று: வளர்ந்துவரும் நாடுகளில் கிராமத்தில் வாழ்பவர்களைவிட நகரத்தில் வாழ்பவர்கள்தான் ஏணியில் மேலே நிற்கிறார்கள். பணக்கார நாடுகளில்தான் இந்த வித்தியாசம் குறைந்தோ தலைகீழாகவோ போகிறது. ஆகவே, நகரத்தை விட்டு ஊருக்கு வந்தாலே நிம்மதி கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வருமானமும் வைத்தியமும் இல்லாத இடத்தில் காற்று மட்டும் சுத்தமாக இருந்து என்ன செய்வது?

உங்கள் மூன்று மணி நேரத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு பொழுதும் எப்படி இருந்தது என்று கேட்ட ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் உளவியல் அறிஞர் டேனியல் கானமன். நாளின் மிகக் கசப்பான பொழுது எது என்று பார்த்தால், காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான். சமையல், வீட்டு வேலை எல்லாம் அதைவிடத் தேவலை. சுவிட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் புருனோ ஃபிரையும் அலாய்ஸ் ஸ்டுட்சரும் ஜெர்மனியின் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, தூரமாகப் போய் வருகிறவர்களுக்குக் கூடுதல் சம்பளமும் பெரிய வீடும் அந்த இழப்பை ஈடுகட்டவில்லை என்று தெரிந்தது. புது வீட்டின் பெரிய கூடம் ஆறு மாதத்தில் பழகிவிடுகிறது. நெரிசலோ ஒவ்வொரு நாளும் புதிதாக வலிக்கிறது. காரைக்குடியில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும் டவுன் பஸ்ஸில் அரை மணிக்குள் முடிந்துவிடும். அந்த அளவில் நீங்கள் நினைப்பது சரிதான்.

ஆனால் அந்த மிச்ச நேரத்தை யாரோடு கழிப்பீர்கள்? கேள்வியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

மகிழ்ச்சி அறிக்கையைத் தயாரிப்பவர்கள், நாடுகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தை விளக்க ஆறு காரணங்களை எடுத்துக்கொள்கிறார்கள். வருமானம், நோயில்லாத ஆயுள், ஈகை, ஊழலின்மை ஆகிய நான்கையும் விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் பாருங்கள். கஷ்டம் வந்தால் கைகொடுக்க ஆள் இருப்பது ஒன்று. என் வாழ்க்கையை நானே முடிவு செய்துகொள்ளும் சுதந்திரம் மற்றொன்று. இவை இரண்டும் ஒன்றையொன்று இழுக்கக்கூடியவை. ஆள் நிறைய இருக்கும் இடத்தில் சுதந்திரம் குறைகிறது. சுதந்திரம் இருக்கும் இடத்தில் ஆள் இருப்பதில்லை. நம் கிராமங்கள் முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டன. நம் பெருநகரங்கள் இரண்டாவதைக் கொடுத்து முதலாவதைப் பிடுங்கிக்கொண்டன. கதவைத் திறந்தால் ஆள் இருக்க வேண்டும், கதவைச் சாத்தினால் யாரும் தட்டக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற ஊரில்தான் மனிதர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பது என் முடிவு.

இதை நான் எந்த அறிக்கையிலும் படிக்கவில்லை. எங்கள் ஐயா வீட்டில் பார்த்தேன். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரையும்தான் பேசுகிறார்கள். அந்த வீட்டின் உண்மையான அருமை அதன் ஏற்பாட்டில் இருக்கிறது. தெருவைப் பார்த்து முகப்பும் திண்ணையும். உள்ளே வானம் தெரியும் முற்றம், அதற்கு வளவு என்று பெயர். வளவைச் சுற்றிப் பத்தி என்ற தாழ்வாரம். பத்தியை ஒட்டி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி. எங்கள் நகரத்தார் சமூகத்தில் மகனுக்குத் திருமணமானதும் "வேறு வைப்பது" என்று ஒரு வழக்கம் உண்டு. அரிசி, பருப்பு, எண்ணெய், பாத்திரம், செலவுக்குப் பணம் எல்லாவற்றையும் ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டச் செய்வார்கள். கூரை ஒன்று, அடுப்பு வேறு. திருமணமானவுடனே கணவனும் மனைவியும் ஒரு புள்ளி. கோயிலுக்கு அவர்கள் பெயரில் தனியாகப் புள்ளி வரி. அப்பாவின் நிழலில் நிற்கும் பிள்ளையாக இல்லாமல், ஊர்க் கணக்கில் தனியாக எண்ணப்படும் குடும்பமாக நிற்பார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஐந்து அடுப்பு எரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வளவில் நின்று மூக்கை உயர்த்திப் பார்ப்போம். இன்றைக்கு யார் அடுப்படியில் உட்காருவது என்பதை வாசனைதான் முடிவு செய்யும். பெரியவர்களுக்குள் மனத்தாங்கல் வராமல் இல்லை. ஒருமுறை இரண்டு சித்திகள் முப்பது நாளுக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் இருவரும் அதே வளவில்தான் வற்றல் காயவைத்தார்கள். ஒருத்தி உள்ளே போயிருக்கும்போது மழை தூறினால் மற்றவள் அந்த வற்றலையும் சேர்த்தே அள்ளிப் பத்தியில் வைத்தாள். கடைசியில் ஒரு சித்தி, கும்மாயம் என்ற இனிப்பை ஒரு கிண்ணத்தில் என் கையில் கொடுத்து "அங்கே கொண்டுபோய்க் கொடு" என்றார். கிண்ணம் திரும்பி வரும்போது வெறுமையாக வரவில்லை. அதோடு பேச்சும் தொடங்கியது. ஒரே அடுப்பாக இருந்திருந்தால் அந்தச் சண்டை அன்றாடம் கொதித்திருக்கும். தனித்தனி வீடுகளாக இருந்திருந்தால் முப்பது நாள் முப்பது ஆண்டாகியிருக்கும். வளவு என்ற அந்த நடுவிடம் இருந்ததால் தப்பித்தது.

நகரத்திலும் எனக்கு வேண்டியது அந்த நடுவிடம்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைத் திறந்தால் லிஃப்ட். லிஃப்டை விட்டு இறங்கினால் வண்டி நிறுத்துமிடம். அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. வீட்டுக்கும் சாலைக்கும் இடையில் தற்செயலாக ஒருவரைப் பார்த்து நின்று பேச ஓர் அடி இடம் இல்லை. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு அறிஞர் 1960-களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில், அருகருகே அமைந்த ஒரே மாதிரியான தெருக்களை எடுத்துப் பார்த்தார். ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் ஓடின. மற்றொன்றில் சுமார் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்களும் தெரிந்தவர்கள் ஆறு பேரும் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் நண்பர் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9, தெரிந்தவர்கள் மூன்று பேர். மனிதர்கள் கெட்டவர்களாகிவிடவில்லை. தெரு கெட்டுப்போயிற்று.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் சாலையை அகலப்படுத்தும் கோப்பு என் கை வழியாகப் போனது. இருபுறமும் புங்கையும் வேம்பும் நின்றன. தபால் நிலையத்துக்கு எதிரே ஒரு வேப்ப மரத்தைச் சுற்றிச் சிமெண்டு மேடை. சாயங்காலம் ஏழெட்டுப் பெரியவர்கள் அங்கேதான் செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படிப்பார்கள். வரைபடத்தில் அந்த மேடைக்கு "ஆக்கிரமிப்பு" என்று பெயர். நானும் கையெழுத்திட்டேன். சாலை அகலமாயிற்று, வண்டிகள் வேகமாகப் போயின. ஓராண்டு கழித்து அந்தப் பக்கம் போனபோது அந்தப் பெரியவர்களில் ஒருவர் தன் வீட்டு வாசலில் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மத்தவங்க எல்லாம் எங்கே ஐயா?" என்று கேட்டேன். "ரோட்டைத் தாண்ட முடியலையேம்மா" என்றார். அதற்குப் பிறகு எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும், எழுபது வயதுக்காரர் ஒருவர் இந்தச் சாலையைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போவாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். கோபன்ஹேகன் நகரம் தன் முதன்மைக் கடைத்தெருவை 1962-லேயே நடப்பவர்களுக்கு மட்டும் என்று விட்டுக்கொடுத்தது. அப்போது வியாபாரிகள் எதிர்த்தார்கள். இன்று அந்த நகரத்தை உலகமே போய்ப் பார்க்கிறது.

ஊருணியையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் இத்தனை ஊர்களும் எழுந்தன. பொட்டலில் விழும் மழை வரத்துக்கால் வழியாக ஓடி ஊருணியில் சேரும்; குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று. செம்புராங்கல் படித்துறை. குடி ஊருணியில் யாரும் காலை நனைக்க மாட்டார்கள். காவல்காரர் இல்லாதபோதும் நனைக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்குக் குடத்தோடு போகிற பெண்களுக்கு அதுதான் திண்ணை. ஏனென்றால் வீட்டுத் திண்ணை ஆண்களுக்கானது. எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த வீட்டுக்கு மலேயாவிலிருந்து கடிதம் வரவில்லை என்பதெல்லாம் அந்தப் படியில்தான் தெரியவரும். தெரிந்த ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டுக்குக் கஞ்சியோ ஆளோ போய்விடும். எல்லோரும் சேர்ந்து காக்க வேண்டிய ஒரு பொருள் ஊரில் இருந்தால், ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை தானாக வளர்கிறது. 2025 மகிழ்ச்சி அறிக்கை ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறது: பணப்பை தொலைந்தால் திரும்பி வரும் என்று மக்கள் எதிர்பார்ப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பைகள் உண்மையில் திரும்பி வருகின்றன. அதோடு, திரும்பி வரும் என்று நம்புகிறவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரோடு பழகாமல் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

இங்கே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தப் படித்துறை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடியவில்லை. 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் தலித் மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. பெண்கள் மேலாடை உடுத்தக் கூடாது, பூச்சூடக் கூடாது. ஆண்கள் வெயிலுக்குக் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. நம் வீடுகளின் பொற்காலம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் காலமும் அதேதான். ஒருவருக்கு வளவாக இருந்த ஊர் மற்றொருவருக்கு வேலியாக இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போனபோது, பெயர் கேட்காத தெருவில் நடப்பதே பெரிய நிம்மதி என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பழைய ஊரை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நடுவிடம் எல்லோருக்கும் வேண்டும் என்கிறேன்.

வீடு அழகாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் செட்டிநாட்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 96 ஊர்களாக இருந்து இன்று எழுபத்துச் சொச்சமாக நிற்கிறோம். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது; விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது; கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன இடத்துச் சொத்து போயிற்று. பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள். கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் பட்டப்பகலில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள். பூட்டு, பூட்டு, பூட்டு. எங்கள் பள்ளத்தூர்த் தெருவில் எண்பது வயது தாண்டிய ஓர் ஆச்சி இருக்கிறார். அத்தனை பெரிய வீட்டில் முகப்பறை ஒன்றை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. மகன் சிங்கப்பூரில். போன பிள்ளையார் நோன்புக்கு நான் போயிருந்தேன். இருபத்தொரு இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பது வழக்கம். தெருவில் திறந்திருந்த வீடு மூன்றுதான். மூன்று வீட்டாரும் ஆச்சி வீட்டில் கூடினோம், மொத்தம் பதினொரு பேர். ஆச்சி மாவு பிசைந்திருந்ததோ நாற்பது பேருக்கு. "கை அளவு மறக்கமாட்டேன் என்கிறது" என்றார்.

அங்கிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கும் காரைக்குடியில் மாலை ஆறு மணிக்கு நடக்க இடமிருக்காது. வித்தியாசம் எங்கே வந்தது? மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வருவதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் அந்த நிலையம் திறந்தது. கல்லூரிகள் வந்தன, பின்னர் பல்கலைக்கழகம் வந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் புதிதாக வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு மெஸ் நடத்துகிறவர், சைக்கிள் ஒட்டுப்போடுகிறவர், புத்தகம் விற்கிறவர் என்று ஊருக்கே வேலை இருக்கிறது. தன் பிள்ளைகளைப் பிடித்துவைக்க முடியாத ஊருக்கு அடுத்தவர் பிள்ளைகளையாவது வரவழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அழகப்பர் அதைச் செய்தார். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் கூடி உட்கார ஒரு காரணத்தை அது கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. இனிமேல்தான் எனக்குப் பயம்: நடைபாதையும் மர நிழலும் இல்லாமல் வண்டி மட்டும் பெருகினால், நீங்கள் விட்டுவர நினைக்கிற சென்னை இங்கேயே வந்துவிடும்.

இப்போது உங்கள் விஷயம். கேள்வியில் "குடும்பத்தோடு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் மனைவியிடம் தனியாகக் கேட்டீர்களா? அவருக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும், யாருக்கும் காரணம் சொல்லாமல் சாயங்காலம் வெளியே நடந்து போய்வர முடியுமா, போட்டுக்கொள்ளும் உடையைப் பற்றி எத்தனை பேர் பேசுவார்கள் என்பதையெல்லாம் அவர்தான் எடை போட வேண்டும். சென்னையில் உங்களைப் பாதிப்பது தூரம். இங்கே அவரைப் பாதிக்கப்போவது நெருக்கம். இரண்டு பேருக்கும் ஏணியில் ஒரே படி கிடைக்காவிட்டால் வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாங்காது.

அவரும் சரி என்றால், உடனே பூர்வீக வீட்டுக்குக் குடி வராதீர்கள். முதல் ஓராண்டு காரைக்குடியில், பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் நடந்து போகிற தூரத்தில், வண்டி அதிகம் போகாத தெருவாகப் பார்த்து வாடகைக்கு இருங்கள். வாரச் சந்தைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். மூன்று மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து பேர் தேறினால் நல்ல அறிகுறி. அதற்குள் வீட்டின் பங்காளிகள் எத்தனை பேர், சாவி யாரிடம் இருக்கிறது, ஒருவர் குடியிருக்க மற்றவர்கள் சம்மதிப்பார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் பின்னால் மனவருத்தம் வரும். எல்லாம் கூடிவந்தால் முதல் வேலையாகக் கூரையைப் பாருங்கள். பூட்டிய வீட்டுக்கு முதல் எதிரி மழைநீர்தான். நாட்டு ஓடு பிரித்து அடுக்கத் தெரிந்த கைகள் இப்போது குறைவு. ஐப்பசி பிறந்துவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார்கள். சித்திரையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.